எதிரொலியில் தெரிந்த இருதயம்

பிறந்த ஊரை விட்டு வேற்றுமொழி வழங்கும் நாட்டில் பிழைப்பை அமைத்துக்கொண்டவர்களுக்கு உடல்நலம் குன்றும்போது துன்பம் இரட்டிப்பாகிறது. நோயின் வருத்தம் ஒன்று. அதனை எடுத்துச் சொல்ல வகையறியாது திகைக்கும் வருத்தம் மற்றொன்று. 'நெஞ்சு' என்னும் ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழில் அது மார்பைக் குறிக்கும், இருதயத்தைக் குறிக்கும், மனத்தையும் குறிக்கும். நெஞ்சு எரிகிறது என்போம். அது வயிற்றுப் புளிப்பாக இருக்கலாம். நெஞ்சு அடைக்கிறது என்போம். அது உயிருக்கு உலை வைக்கும் இருதய நோயாகவும் இருக்கலாம், ஆற்றாத துயரமாகவும் இருக்கலாம். பெங்களூரில் ஆஸ்பத்திரிக்குச் செல்லும் தமிழரிடம் மருத்துவர் 'எதெ நோவா?' என்று கன்னடத்தில் வினவுகிறார். 'எதெ' என்பது மார்பு என்று அறியாதவர், எது நோகிறது என்று கேட்பதாக எண்ணிக்கொண்டு முழங்காலைக் காட்டினாலும் வியப்பதற்கில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, பிழையான ஒரு சொல்லால் கோப்பு ஒன்று திரும்பி வருவதோடு காரியம் முடிந்துவிடும். நோயாளியின் நிலை அத்தகையதன்று.

நாவின் துணையின்றி இருதயமே தன் நிலையை எடுத்துரைக்குமாயின் எவ்வளவு நலமாயிருக்கும்! அவ்வாறு அதைப் பேசவைக்க மனிதன் மேற்கொண்ட முயற்சியின் வரலாறு ஏறக்குறைய இருநூற்றறுபது ஆண்டுகளைக் கொண்டது. அதில் ஓர் அத்தியாயம் பெங்களூரிலேயே, அதுவும் ஒரு தமிழரின் கையால் எழுதப்பட்டது. அவ்வரலாற்றையும், அதன் பயனாக இன்று அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் கட்டிலருகிலேயே இருதயத்துக்குள் தோன்றும் கட்டிகளைக் கண்டறிய முடிகிறதென்பதையும், அங்ஙனம் கண்டதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் இங்கே காண்போம்.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 1809-ஆம் ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆங்கிலேயப் படை பெங்களூருக்கு மாற்றப்பட்டு, தண்டு என்னும் கண்டோன்மெண்டு உருவாயிற்று. சிப்பாய்களாகவும், படைக்கு வேண்டிய பொருள்களை வழங்குவோராகவும், கட்டடத் தொழிலாளராகவும், வணிகராகவும் தமிழர் அங்கே வந்து குடியேறினர். அல்சூரும் இன்றைய சிவாஜிநகரும் அவ்வாறு தமிழ் ஒலித்த பகுதிகள். அந்தத் தண்டுப் பகுதி மக்களுக்காக, மைசூர் கமிஷனராயிருந்த லூயின் பௌரிங்கின் காலத்தில் எழுந்ததுதான் 1868-இல் கட்டி முடிந்த பௌரிங் ஆஸ்பத்திரி. பாரிஸ் நகரத்து லாரிபுவாசியேர் ஆஸ்பத்திரியின் அமைப்பைப் பின்பற்றி அது கட்டப்பட்டது. நகரப் பகுதியிலோ, பழைய கோட்டைக்கருகில் விக்டோரியா ஆஸ்பத்திரி எழுந்தது. மைசூர் மகாராணி ரீஜண்டு 1897-இல் அடிக்கல் நாட்ட, 1900 டிசம்பரில் கர்ஸன் பிரபு அதனைத் திறந்துவைத்தார். தண்டும் நகரமும் ஒரே மாநகராட்சியின்கீழ் இணைந்தது 1949-இல். தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் படுத்த கட்டில்கள் அவ்விரு ஆஸ்பத்திரிகளிலும் உண்டு.

அந்தக் கட்டில்களின் அருகே நின்ற மருத்துவர்களிடம் அக்காலத்தில் இருந்த கருவிகள் மூன்றே: கண், கை, காது. இவற்றுள் கையையும் காதையும் ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தவர் ஆஸ்திரிய நாட்டு மருத்துவர் லியோபோல்டு அவுன்புருக்கர். சத்திரம் நடத்தியவரின் மகன் அவர். பீப்பாயின் வெளிப்புறத்தைத் தட்டி உள்ளே மது எம்மட்டம் இருக்கிறதென அறியும் வழக்கத்திலிருந்தே அவருக்கு அந்த எண்ணம் உதித்ததென்பர். வியன்னா நகரத்து ராணுவ ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மார்பை விரலால் தட்டித் தட்டி, காற்று நிறைந்த இடத்தின் ஒலியையும் நீர் கோத்த இடத்தின் ஒலியையும் வேறுபடுத்திக் கண்டு, 1761-இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். உலகம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. நெப்போலியனின் மருத்துவரான கோர்விசார் 1808-இல் அதைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்து விளக்கம் எழுதிய பிறகே அம்முறை பரவலாயிற்று. அறிவு பரவுவதற்கு மொழிபெயர்ப்பாளன் எத்துணை வேண்டியவன் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

அடுத்து வந்தவர் ரெனே லயன்னெக். பாரிஸ் நகரில் 1816-ஆம் ஆண்டு, இளம்பெண் ஒருத்தியின் மார்பில் நேரே காதை வைத்துக் கேட்பது நாகரிகமன்று எனத் தயங்கிய அவர், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். இருதயத்தின் ஒலி முன்னினும் தெளிவாகக் கேட்டது. அவ்வாறு பிறந்ததே ஸ்டெதாஸ்கோப். வால்வு சுருங்கினால் ஒரு முணுமுணுப்பு, கசிந்தால் வேறொரு முணுமுணுப்பு என்று ஒலிகளுக்கெல்லாம் பொருள் காணும் ஒரு பெரிய சாஸ்திரமே அதிலிருந்து வளர்ந்தது.

எனினும் ஸ்டெதாஸ்கோப்புக்குப் பிடிபடாத ஒரு நோய் உண்டு. இருதயத்தின் அறைக்குள்ளே வளரும் கட்டியே அது. பாடுவா நகரத்து உடற்கூறு ஆசிரியர் ரியால்டோ கொலம்போ 1559-இல் வெளியான தம் நூலிலேயே இத்தகைய கட்டியைக் குறித்தார் என்பர். ஆனால் இறந்தவர் உடலை அறுத்துப் பார்த்தபோதுதான் அது கண்ணில்பட்டது. அதன்பின் ஏறக்குறைய நானூறு ஆண்டுகள், உயிரோடிருப்பவரிடம் அதனைக் கண்டறிவது அரிதினும் அரிதாகவே இருந்துவந்தது.

இருதயத்திலேயே தோன்றும் கட்டி மிக அபூர்வம். பிரேதப் பரிசோதனைகளில் பதினாயிரத்துக்கு இரண்டு என்னும் அளவிலேயே காணப்படுகிறது. அவற்றுள் நான்கில் மூன்று பங்கு புற்றுத்தன்மை இல்லாதவை. பெரியவர்களிடம் அவ்வகையில் மிகுதியாகக் காண்பது மிக்ஸோமா என்னும் கூழ்போன்ற கட்டி. இது பெரும்பாலும் இடது மேலறையில், இரண்டு மேலறைகளைப் பிரிக்கும் சுவரில் ஒரு காம்பால் ஒட்டிக்கொண்டு, கிணற்றில் தொங்கும் வாளியைப் போல் ஆடிக்கொண்டிருக்கும். இருதயம் விரியும்போது வால்வின் வாயில் வந்து அடைக்கும். சுருங்கும்போது மேலே எழும். ஆதலால் நோயாளிக்கு ஒரு பக்கமாகப் படுத்தால் மூச்சு முட்டும். எழுந்து உட்கார்ந்தால் தெளியும். சிலர் திடீரென மயங்கி விழுவர். விட்டுவிட்டுக் காய்ச்சலும் இளைப்பும் இருக்கும். இவற்றையெல்லாம் ஆஸ்துமா என்றும் காசநோய் என்றும் கருதி மருந்து கொடுப்பது எளிதில் நேரக்கூடியதே. அக்கட்டியின் துணுக்கு ஒன்று பிரிந்து இரத்தத்தோடு மூளைக்குச் சென்றால், நேற்றுவரை மூட்டை தூக்கிய இளைஞன் இன்று கைகால் விளங்காமல் படுத்துவிடுகிறான்.

இனி, இருதயத்துக்குள் தெரியும் பிண்டமெல்லாம் இத்தகைய கட்டியென்று எண்ணிவிடலாகாது. நம் நாட்டில் இதனினும் மிகுதியாகக் காண்பது உறைந்த இரத்தம். சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் மூட்டுக் காய்ச்சல், ஈரிதழ் வால்வைத் தடிப்பேறச் செய்து குறுக்கிவிடுகிறது. வழி குறுகவே, மேலறையில் இரத்தம் தேங்கி உறைகிறது. மூன்றாவதாக, கிருமிகள் வால்வின்மேல் பற்றி வளரும் முளைகள் உண்டு. நான்காவதாக, உடலின் வேறிடத்துப் புற்றுநோய் இருதயத்துக்குப் பரவுவதும் உண்டு. இருதயத்திலேயே தோன்றும் கட்டியைவிட இது பலமடங்கு அதிகம். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றும் இவற்றுக்கு மருந்து ஒன்றன்று. உறைந்த இரத்தத்துக்கு உறைதலைத் தடுக்கும் மருந்து, மிக்ஸோமாவுக்குக் கத்தி, கிருமி முளைக்கு வாரக்கணக்கில் கிருமிநாசினி. கிருமி முளையால் மூளை பாதிக்கப்பட்டவனுக்கு, உறைகட்டியென்று கருதிக் கரைக்கும் மருந்தைச் செலுத்திவிட்டால் மூளைக்குள்ளே இரத்தம் பீறிடக்கூடும். ஒருவனைக் காக்கும் மருந்தே மற்றொருவனுக்கு எமனாகும் இடம் இது.

இந்த இருட்டறைக்குள் விளக்கேற்றியது காதுக்குக் கேளாத ஓர் ஒலி. மனிதச் செவிக்கு எட்டும் ஒலி, விநாடிக்கு இருபதாயிரம் அதிர்வு வரையில்தான். அதற்கு மேற்பட்டதைக் கேளா ஒலி என்கிறோம். அதை உண்டாக்கும் வழியைத் திறந்தவர்கள் ஜாக் கியூரி, பியேர் கியூரி என்னும் பிரெஞ்சுச் சகோதரர்கள். சில பளிங்குகளை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறதென்று அவர்கள் 1880-இல் கண்டனர். மின்சாரத்தைச் செலுத்தினால் அதே பளிங்கு அதிரும் என்பதும் விரைவில் தெளிவாயிற்று. 1912-இல் டைட்டானிக் கப்பல் பனிமலையில் மோதி மூழ்கியது; அடுத்து மூண்ட முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகள் கப்பல்களைக் கவிழ்த்தன. நீருக்கடியில் மறைந்திருப்பதை எதிரொலியால் அறிய வேண்டிய அவசியம் ஏற்பட, பால் லாங்ஜவான் என்னும் விஞ்ஞானி குவார்ட்ஸ் பளிங்கைக்கொண்டு அதற்கான சாதனத்தை 1917-ஐ ஒட்டி அமைத்தார். இருதயத்தின் படம் பிற்காலத்தில் பிறந்ததும் இந்த வழியில்தான்.

இவ்விடத்தில் நம் பெங்களூர் வரலாற்றில் நுழைகிறது. திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த சர் சி. வி. ராமன், 1933-இல் இந்திய விஞ்ஞான நிலையத்துக்கு இயக்குநராகப் பெங்களூர் வந்தார். இவ்வூர்வாசிகள் இன்றும் 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்றே அழைக்கும் நிலையம் அது. அதற்கு இந்தியர் ஒருவர் இயக்குநரானது அதுவே முதல் முறை. ஒளி பற்றிய கண்டுபிடிப்புக்காக அவர் நோபல் பரிசு பெற்றதை யாவரும் அறிவர். ஒலியின்பாலும் அவருக்கு அளவிலாக் காதல் உண்டென்பதை அறிந்தோர் சிலரே. மிருதங்கத்தின் வலந்தலையில் கரிய சாந்தை அப்புவதால்தான் சாதாரண முரசில் எழாத இசைவான சுரங்கள் அதில் எழுகின்றன என்பதை விஞ்ஞான முறைப்படி விளக்கியவர் அவர். அவுன்புருக்கர் பீப்பாயைத் தட்டிக் கற்றதையும், நம் ராமன் மிருதங்கத்தைத் தட்டிக் கற்றதையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பது இன்பம் தருவதாகும்.

1932-இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் ஒரு புதுமை காணப்பட்டது. கேளா ஒலி பாயும் திரவத்தினூடே ஒளியைச் செலுத்தினால், அவ்வொளி பல கற்றைகளாகச் சிதறுகிறது. எதனால் அவ்வாறு நேருகிறதென்று கணிதத்தால் விளக்கியவர்கள் பெங்களூரில் இருந்த ராமனும் அவருடைய மாணவர் நாகேந்திர நாத்தும் ஆவர். ஒலி அலை திரவத்தை அடுக்கடுக்காக நெருக்கியும் தளர்த்தியும் வைப்பதால், அத்திரவம் ஒளிக்கு ஒரு சீப்புப் பற்களைப் போல் அமைந்துவிடுகிறது. ராமன் தாமே 1934-இல் பெங்களூரில் தோற்றுவித்த இந்திய விஞ்ஞானக் கழகத்தின் வெளியீட்டில் 1935 முதல் தொடர் கட்டுரைகளாக இந்த விளக்கம் வந்தது. இன்றும் உலகத்துப் பௌதிக நூல்கள் இதனை ராமன்-நாத் கொள்கையென்றே குறிக்கின்றன. இருதயப் படக்கருவி இதிலிருந்தே பிறந்ததென்று கூறிவிட்டால் அது மிகைப் பேச்சாகும். அந்தக் கருவி வேறு வழியில் பிறந்தது. ஆயினும், கேளா ஒலியின் இயல்பை உலகுக்கு விளக்கிய நகரங்களுள் பெங்களூரும் ஒன்று, விளக்கியவர்களுள் ஒரு தமிழரும் உண்டு என்பதில் நாம் கொள்ளும் பெருமை மிகையாகாது.

கருவி பிறந்த கதை இதுதான். உலோக வார்ப்புகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உண்டா என்று எதிரொலியால் சோதிக்கும் ஒரு சாதனத்தை, அமெரிக்காவில் பயர்ஸ்டோன் என்பவர் 1940-களில் அமைத்திருந்தார். சுவீடன் நாட்டில் லுண்டு நகரத்து இருதய மருத்துவர் இங்கே எட்லர் ஒரு சிக்கலில் இருந்தார். வால்வு குறுகியவருக்கு அறுவை செய்யும் முறை அப்போதுதான் வந்திருந்தது. வால்வு குறுகியிருக்கிறதா, கசிகிறதா என்பதைக் கத்தி வைக்குமுன் உறுதியாக அறிய வழியில்லை. அவர் இளம் பௌதிக விஞ்ஞானி ஹெல்முத் ஹெர்ட்ஸை அணுகினார். மின்காந்த அலைகளைக் கண்ட ஹைன்ரிக் ஹெர்ட்ஸின் மரபில் வந்தவர் இவர். இவருடைய தந்தை குஸ்தாவ் ஹெர்ட்ஸும் நோபல் பரிசு பெற்றவர். இருவரும் அருகிலிருந்த மால்மோ நகரத்துக் கப்பல் கட்டும் தளத்திலிருந்து உலோகச் சோதனைக் கருவியை இரவல் வாங்கி, அதை மனித மார்பில் வைத்தனர். 1953-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், துடிக்கும் இருதயத்தின் எதிரொலி முதன்முதலாகப் பதிவாயிற்று. கப்பலின் இரும்பைச் சோதித்த கருவி இருதயத்தைச் சோதிக்கலாயிற்று.

அது வேலை செய்யும் விதம் எளிமையானதே. மார்பின்மேல் வைத்த முனையிலிருந்து விநாடிக்கு இருபது இலட்சம் முதல் ஐம்பது இலட்சம் அதிர்வுள்ள ஒலி உள்ளே செல்கிறது. சதைக்குள் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர். பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள சுவரில் பட்டு அது திரும்பி வர, விநாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகிறது. திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிட்டு, புள்ளி புள்ளியாகக் கருவி படம் வரைகிறது. இரத்தம் எதிரொலியை ஏறக்குறைய அனுப்புவதில்லை. ஆதலால் கரிய குளம்போல் தோன்றும். சுவரும் வால்வும் வெளுத்துத் தெரியும். கரிய குளத்தில் வெளுத்த பொருள் ஒன்று மிதந்தால் அதுவே நாம் தேடும் கட்டி. ஆனால் எலும்பையும் காற்றையும் இவ்வொலி கடந்து செல்லாது. ஆகையினாலேயே விலா எலும்புகளின் இடுக்கில் முனையை வைக்கின்றனர். முனைக்கும் தோலுக்கும் இடையே காற்றுப் புகாதிருக்கக் குளிர்ந்த பசையைத் தடவுகின்றனர்.

எதிரொலி வந்துவிட்டால் மட்டும் போதாது. அதற்குச் சரியான பொருள் காணவேண்டும். எட்லர் தாம் கண்ட ஓர் அசைவை முதலில் இடது மேலறையின் சுவர் என்றே கருதியிருந்தார். இறந்தவர்களின் உடலில் ஒலி சென்ற திசையை ஒப்பிட்டு ஆராய்ந்த பின்னரே அது ஈரிதழ் வால்வின் முன்னிதழ் என்று தெளிந்தார். அதன் பின் முன்னேற்றம் விரைவாயிற்று. 1954-இல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்டு என்னும் அறுவை மருத்துவர், இருதயத்தின் வேலையைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு பெண்மணியின் இடது மேலறையிலிருந்து மிக்ஸோமாவை வெற்றியுடன் அகற்றினார். கட்டியைக் கண்டால் இனி அகற்றலாம் என்னும் நம்பிக்கை பிறந்தது. 1959-இல் ஜெர்மனியில் எஃபர்ட், டோமானிக் என்னும் இருவர், மேலறைக் கட்டியையும் பெரிய உறைகட்டியையும் கேளா ஒலியால் கண்டறியலாமென எழுதினர். அதற்கு முன்பு இதற்கிருந்த வழி, இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்திச் சாயமிட்டு எக்ஸ்ரே எடுப்பது. குழல் பட்டுக் கட்டியே சிதறிவிடும் அபாயம் அதில் இருந்தது.

இடையில் 1958-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டு என்னும் மருத்துவர் வயிற்றுக் கட்டிகளை இம்முறையில் ஆராய்ந்து வெளியிட்டார். தீராத புற்றுநோய் எனக் கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்தது, எளிதில் அகற்றக்கூடிய நீர்ப்பை என்று அவர் கருவி காட்டியது, அவள் பிழைத்தாள். ஒரு பிண்டம் இருக்கிறதென்று அறிவதும், அது இன்ன பிண்டம் என்று அறிவதும் வெவ்வேறு என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

தொடக்கத்தில் கருவி காட்டியது கோடுகளை மட்டுமே. 1970-களில் அசையும் படம் வந்தது. 1980-களில் இரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் வசதி வந்தது. உணவுக் குழாய் வழியே முனையைச் செலுத்தி இருதயத்தைப் பின்புறமிருந்து காணும் முறையும் வளர்ந்தது. கருவியின் உருவமும் சிறுத்தது. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரத்தார் கையில் பிடிக்கும் பாட்டரிக் கருவியொன்றை 1978-லேயே செய்துகாட்டினர். 1999-இல், அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிப் பணத்தின் உதவியால் உருவான, இரண்டரைக் கிலோவுக்குட்பட்ட கருவி சந்தைக்கு வந்தது. இன்றோ, கைப்பேசியோடு இணைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் கருவியும் உண்டு. நோயாளியைக் கருவி இருக்கும் அறைக்குத் தள்ளிச்சென்ற காலம் மாறி, கருவி நோயாளியின் கட்டிலுக்கு வரும் காலம் பிறந்தது.

பெங்களூரில் இருதய நோய்க்கெனத் தனி நிலையமாக விளங்குவது ஸ்ரீ ஜயதேவ இருதய நோய் நிலையம். விக்டோரியா ஆஸ்பத்திரி வளாகத்தில் தொடங்கிய இந்த அரசு நிறுவனம் பின்னர் பன்னேர்கட்டா சாலையில் பெரிய கட்டடத்துக்குச் சென்றது. கர்நாடகத்தாரேயன்றி எல்லைப்புறத் தமிழ் மாவட்டங்களிலிருந்தும் ஏழைகள் அதை நாடி வருகின்றனர். குறுகிய ஈரிதழ் வால்வைப் பலூன் கொண்டு விரிக்கும் சிகிச்சைக்கு அது பெயர் பெற்றது. அச்சிகிச்சைக்கு முன், மேலறையில் உறைந்த இரத்தம் இல்லையென்று எக்கோவால் உறுதி செய்தாக வேண்டும். இருந்தால் பலூன் பட்டு அது பெயர்ந்து மூளைக்குச் சென்றுவிடக்கூடும். 'எக்கோ எடுத்தாயிற்றா?' என்னும் வினா அவ்வாறே நம் வீடுகளில் புழங்கும் சொல்லாயிற்று.

ஆனால் பெரிய நிலையத்துக்கு வந்து சேருமுன்பே காரியம் கைமீறிப் போகும் நோயாளிகள் பலர். அவசர மருத்துவம் என்பதைத் தனி முதுநிலைப் படிப்பாக இந்திய மருத்துவக் கவுன்சில் ஏற்றது 2009-இல்தான். 108 என்னும் எண்ணில் அழைக்கும் ஆம்புலன்ஸ் கர்நாடகத்தில் 2008-இல் தொடங்கிற்று. நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு வருபவனின் கட்டிலருகே நிற்கும் இளம் மருத்துவருக்கு, இருதய நிபுணர் அருகில் இல்லை. பெரிய கருவியும் இல்லை. கையடக்கக் கருவி மட்டும் இருந்தால், சில நிமிடத்தில் சில கேள்விகளுக்கு அவர் விடை காணலாம். இருதயம் வலுவாகச் சுருங்குகிறதா? அதைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா? வலப்புற அறை வீங்கியிருக்கிறதா? இவற்றை நோக்கும்போதே, கரிய குளத்தில் ஏதேனும் ஆடுகிறதா என்பதும் கண்ணில் படும்.

இங்கேதான் நிதானம் வேண்டும். அமெரிக்க எக்கோ சங்கமும் அவசர மருத்துவக் கல்லூரியும் 2010-இல் கூடி வெளியிட்ட அறிக்கை, கட்டிலருகுப் பரிசோதனையின் எல்லையை வரையறுத்தது. நீர்க்கோவை, சுருங்கும் வலிமை போன்றவற்றை அதனால் தீர்மானிக்கலாம். இருதயத்துக்குள் கட்டி இருப்பதாகத் தோன்றினாலோ, முழுமையான எக்கோவுக்கு அனுப்பி உறுதி செய்ய வேண்டும். காரணம் வெளிப்படை. இயற்கையாகவே இருதயத்துக்குள் இருக்கும் சில மடிப்புகளும் வலைபோன்ற இழைகளும் கட்டியைப் போல் ஏமாற்றும். வயிற்றின் ஒரு பகுதி மேலேறி மார்புக்குள் வந்திருந்தால், அதுவும் மேலறைக் கட்டிபோல் காட்சி தரும். மாறாக, மேலறையின் காதுபோன்ற மூலையில் ஒளிந்திருக்கும் உறைகட்டி மார்பின் வழியாகப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். ஆகவே, 'ஒன்றுமில்லை' என்று சிறிய கருவி சொன்னால் அது முடிவான தீர்ப்பன்று. 'ஏதோ இருக்கிறது' என்று சொன்னால் அதுவும் தீர்ப்பன்று. நோயாளியை இரவோடிரவாக எங்கே அனுப்புவது, எந்த மருந்தைப் பொறுத்து நிறுத்தி வைப்பது என்று எச்சரிக்கும் மணியோசையே அது. அம்மணி உரிய வேளையில் அடித்தால் ஓர் உயிர் பிழைக்கிறது.

அங்ஙனமாயின் ஒவ்வொரு சிற்றூர் ஆஸ்பத்திரியிலும் இக்கருவி ஏன் இல்லை என்று வினவலாம். விலை ஒரு காரணம். பயிற்சியின்மை மற்றொரு காரணம். மூன்றாவது காரணம் நம் நாட்டுக்கே உரியது. இருதயத்தைக் காட்டும் அதே ஒலி, கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்பதையும் காட்டிவிடுகிறது. அதை அறிந்து பெண் சிசுக்களைக் கருவிலேயே அழித்த கொடுமையால், ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1991-இல் 945-ஆக இருந்த பெண் குழந்தைகளின் எண்ணிக்கை, 2001-இல் 927-ஆகக் குறைந்தது. இதைத் தடுக்க 1994-இல் சட்டம் இயற்றப்பட்டு 1996-இல் நடைமுறைக்கு வந்தது; 2003-இல் அது மேலும் இறுக்கப்பட்டது. கருவி ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட வேண்டும். எளிதில் எடுத்துச் செல்லும் கருவிகளின் நடமாட்டத்துக்கு 2012-இல் தனியே கட்டுப்பாடுகள் வந்தன. பதிவு பெற்ற இடத்தில் உள்நோயாளிகளுக்கும், முறைப்படி அமைந்த நடமாடும் மருத்துவப் பிரிவிலும் அன்றி அவற்றைக் கொண்டுசென்று பயன்படுத்தலாகாது.

அவசர சிகிச்சை மருத்துவர்கள் சிலர் இச்சட்டத்தால் தம் கை கட்டப்படுகிறதென்று வருந்துகின்றனர். அவ்வருத்தம் பொய்யன்று. எனினும் சட்டம் பிறந்த காரணத்தையும் மறந்துவிடலாகாது. பிறவாமலே போன பெண் குழந்தைகளுக்கு வாதாட நாவில்லை. அவர்களுக்காகப் பேசுவது அச்சட்டமே. மார்பு வலியோடு வருபவனின் உயிரும் உயிரே. கருவிலிருக்கும் பெண்ணின் உயிரும் உயிரே. கருவியைப் பூட்டி வைத்து ஒன்றைக் காப்பதும், கட்டுப்பாட்டை அவிழ்த்துவிட்டு மற்றொன்றைக் காப்பதும் அரைகுறைத் தீர்வுகளே. இருதயத்தை மட்டும் நோக்குவதற்கேற்ற முனைகள், ஒவ்வொரு பரிசோதனையையும் பதிந்து வைக்கும் ஒழுங்கு, பயிற்சி பெற்றவர் கையில் மட்டும் கருவி என்னும் நியதி ஆகியவற்றால் இரண்டையும் ஒருங்கே காக்கும் வழியைத் தேடுவதே அரசுக்கும் மருத்துவருக்கும் உரிய கடமையாகும்.

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். நாவின் துணையின்றி இருதயம் பேசுமா? பேசுகிறது, ஆனால் அரைவாக்கியம் மட்டுமே பேசுகிறது. 'என்னுள்ளே ஒரு பிண்டம் ஆடுகிறது' என்பது அது சொல்லும் பாதி. அப்பிண்டம் உறைந்த இரத்தமா, கட்டியா, கிருமி முளையா என்னும் மறுபாதியை நிறைவு செய்வதில் நோயாளியின் வாய்மொழிக்குப் பெரும் பங்கு உண்டு. பத்து வயதில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்ததா? வந்திருந்தால் வால்வு குறுகி இரத்தம் உறைந்திருக்கலாம். சில வாரங்களாகக் குளிர்க்காய்ச்சல் விடாமல் அடிக்கிறதா? கிருமி முளையாயிருக்கலாம். ஒருபுறம் படுத்தால் மட்டும் மூச்சு முட்டுகிறதா? காம்பில் ஆடும் கட்டியாயிருக்கலாம். முன்பு வேறெங்கேனும் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா? அங்கிருந்து பரவியதாயிருக்கலாம்.

இக்கேள்விகளுக்கு விடை எந்தக் கருவியிலும் இல்லை; நோயாளியின் நினைவிலும், அவனைப் பெற்றவள் நினைவிலும் இருக்கிறது. அவள் தருமபுரியிலோ வேலூரிலோ இருக்கலாம். அவளுக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாதிருக்கலாம். ஆகவே வேற்று மாநிலத்தில் வாழும் நம்மவர்கள் செய்துகொள்ளக்கூடிய சிறு ஏற்பாடு ஒன்றுண்டு. பிள்ளைப் பருவத்து மூட்டுக் காய்ச்சலையும், மாதம் ஒருமுறை ஊசி போட்டதையும், முன்பு எடுத்த எக்கோ அறிக்கையையும் வீட்டில் ஒரு தாளில் எழுதி, மருந்துச் சீட்டுகளோடு சேர்த்து வைத்திருத்தல் நலம். அண்டை வீட்டுக் கன்னடத்தார் ஒருவரைக் கொண்டு அதைக் கன்னடத்திலும் எழுதி வாங்கிக்கொண்டால் இன்னும் நலம். நள்ளிரவில் அவசரப் பிரிவின் மருத்துவர், கையிலுள்ள சிறு திரையில் ஆடும் நிழலைக் கண்டு ஐயுற்று நிற்கும்போது, அந்தத் தாளிலுள்ள இரண்டு வரி, அந்நிழல் இன்னதென்று அவருக்குச் சொல்லிவிடக்கூடும்.